ஒரு மேட் ஜாஸ்தி

கடலூர் முதுநகரில் கொசுறு கொடுக்காத வியாபாரி என்றால் ஒன்று அவன் ஊருக்குப் புதுசு, இல்லை கடையைக் காலி பண்ணப்போகிறான். கறிகாய்க்காரி கறிவேப்பிலை போடுவாள். மீன்காரி தராசு நேராக நின்ற பிறகு மேலே ரெண்டு மத்தி எறிவாள். சௌந்தரம் தன் படகு உதிரிபாகக் கடையில் பம்பு வாங்கினவனுக்கு ஒரு டப்பா கிரீஸ் கொடுத்து அனுப்புவாள். கிரீஸின் விலை பம்பின் விலைக்குள் ஒளிந்திருப்பது வாங்குகிறவனுக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போவான்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, நிவாரணப் பணத்தில் நூற்றுக்கணக்கான பைபர் படகுகளுக்கு ஆர்டர் வந்தது. காலி மனை வைத்திருந்தவனெல்லாம் படகு கட்டினான். பைபர் படகு என்பது வேறொன்றுமில்லை. கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, பசையை ஊற்றி, அதன் மேல் இன்னொரு துணி, இன்னொரு பசை. அந்தத் துணிக்கு மேட் என்று பெயர். மேட்டைக் குறைத்தால் லாபம் கூடும். படகு ஒரு வருஷத்தில் விரிசல் விடும். சௌந்தரம் யோசித்தாள். சோனங்குப்பத்தில் தன் படகைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றிருந்த ராஜாமணியை மேஸ்திரியாக வைத்து அவளும் பட்டறை போட்டாள். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினாள்: ‘மற்றவர்களைவிட ஒரு மேட் ஜாஸ்தி.’

மற்றவர்களின் படகுகள் விரிசல் விட்டன. இவள் பட்டறை ஆறு வருஷத்தில் கெடிலம் மரைன் லிமிடெட் ஆனது. நூற்று நாற்பது பேருக்குச் சம்பளம், மேனேஜிங் டைரக்டர் என்று கதவில் பித்தளைப் பலகை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவலுக்கு வேகப் படகுகள் வேண்டும் என்று அரசாங்கம் டெண்டர் விட்டபோது, பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நடுவே இவளுக்கு ஐந்து படகு கிடைத்தது. ராணுவ வாடை அடிக்கிற முதல் ஆர்டர். நன்றாகச் செய்தால் அடுத்து பன்னிரண்டு. சொதப்பினால் வங்கி உத்தரவாதம் போகும். அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் பட்டறை நிலமும் அவளுடைய திருப்பாதிரிப்புலியூர் வீடும் அடமானமாக நின்றுகொண்டிருந்தன.

2011 பிப்ரவரியில் முதல் படகைச் சொந்தமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஒப்பந்தப்படி பன்னிரண்டு பேர் எடையோடு முப்பத்தைந்து நாட் வேகம், அதாவது மணிக்கு முப்பத்தைந்து கடல் மைல், போக வேண்டும். படகு முப்பத்திரண்டில் நின்றது. என்ஜினைத் திருகினார்கள், எரிபொருளை மாற்றினார்கள், தேவனாம்பட்டினம் பக்கமாக ஒருமுறை, பரங்கிப்பேட்டை பக்கமாக ஒருமுறை ஓட்டினார்கள். முப்பத்திரண்டுதான். படகைச் சோதிக்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

“எடை போட்டுப் பாக்கலாம் மேடம்” என்றாள் ஜான்சி. தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். புதுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். அண்ணாமலை நகரில் படித்தவள். படகை டிரெயிலரில் ஏற்றி, உப்பு லாரிகள் நிற்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனார்கள். துப்பாக்கி வைக்கிற மேடையோடு வந்து நின்ற படகைப் பார்த்து எடைமேடை காத்தவராயன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

“உள்ள இன்னா லோடு?”

“ஒன்னும் இல்ல. காலி.”

“டிரெயிலரக் கழிச்சப்புறம் காலிக்கே எட்டு டன் தொள்ளாயிரம் கிலோவா? போலீஸு ஏறுனா தொப்ப வேற இருக்குமே!”

ஜான்சி சிரிக்கவில்லை. வரைபடத்தில் காலிப் படகின் எடை சரியாக எட்டு டன்.

சாயங்காலம் சௌந்தரம் ஜான்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராஜாமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“அடியில எத்தினி மேட் ராஜாமணி?”

“படத்துல பதினொன்னு மா.”

“நீ போட்டது?”

“பன்னெண்டு. மூக்குப் பக்கம் மட்டும் பதிமூணு. பக்கச் சுவரு, மேல்தளம் எல்லாத்துலயும் ஒன்னொன்னு ஜாஸ்தி.” சொல்லும்போது அவன் முகத்தில் குற்றம் ஏதும் இல்லை. மார்பு சற்று விரிந்தமாதிரிகூட இருந்தது.

“யார் போடச் சொன்னது?”

“யாராவது சொல்லணுமா? நம்ம போட்டுன்னா அதானம்மா? தண்ணிக்கு நடுவுல சுட்டுக்குற வேல, அவுங்களும் புள்ளக்குட்டிக்காரங்க. நல்லா இருக்கட்டுமேன்னு போட்டேன்.”

ஜான்சிக்குக் குரல் உயர்ந்தது. “அண்ணே, அன்னிக்கே கேட்டனே, மேட் ரோல் ஏன் இவ்ளோ ஆவுதுன்னு? வெட்டும்போது வேஸ்ட்டுன்னு சொன்னீங்களே!”

“கொசுறுன்னு சொன்னா வுட்டுருப்பியா நீ?”

உலகத்தில் சரக்கைக் குறைத்து மாட்டிக்கொண்ட காண்ட்ராக்டர்கள் ஏராளம். கேட்காமல் கூடுதலாகக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் அனேகமாகச் சௌந்தரம் ஒருத்திதான் இருப்பாள். ஒட்டிக் காய்ந்த மேட்டை உரிக்க முடியாது. இரண்டாவது படகின் உடலும் அதே கையால் முடிந்து அச்சிலிருந்து வெளியே வந்திருந்தது.

ராஜாமணியும் ஜான்சியும் போன பிறகு தேவநாதன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். சௌந்தரத்தின் தம்பி, விற்பனை டைரக்டர். டெல்லியில் எந்த ஆபீஸில் எந்த பியூன் டீ குடிக்க எப்போது வெளியே போவான் என்பதுவரை அவனுக்குத் தெரியும்.

“அக்கா, ட்ரயல் அன்னிக்குப் பன்னெண்டு போலீஸுக்குப் பதிலா மணல் மூட்டதான ஏத்துவாங்க? ஆளுக்கு எழுவத்தஞ்சு கிலோ. எத்தினி ஆச்சு?”

“தொள்ளாயிரம்.”

“நமக்கு ஜாஸ்தி எத்தினி? அதே தொள்ளாயிரம்! ஆண்டவனே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கான். மூட்டைக்கு மேல ஒரு சாண் மணலு, உள்ள பூரா உமி. குமராட்சி மில்லுல அள்ளிக்கினு போன்னு சும்மாவே கொடுப்பான்.”

“ஒருநாள் ஓட்டிக் காட்டிடலாம். அப்புறம்?”

“அப்புறம் கையெழுத்து இருக்கும். ராஜாமணிய மட்டும் நிறுத்திடு. நாளைக்கு எவனாவது எட போட்டா, மேஸ்திரி பண்ண தப்பு, அப்பவே ஆள அனுப்பிட்டோம்னு காயிதம் காட்டலாம்.”

சௌந்தரம் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். திட்டம் மோசமில்லை, அதுதான் கஷ்டம். சிதம்பரம் மேல வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். அடிப்பாகம் நசுங்கிய அண்டாவை நசுங்காத பக்கம் தெரிகிறமாதிரி எப்படி வைப்பது என்று பத்து வயதிலேயே தெரியும். ஆனால் அந்த அண்டாவில் யாரும் ஏறி நின்று நடுக்கடலில் துப்பாக்கிக்காரனைத் துரத்தப்போவதில்லை.

இன்ஸ்பெக்டர் சுரேந்தர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த வாரம் அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வந்து, பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். மறுநாள் காலை ஜான்சியைக் கூட்டிக்கொண்டு சௌந்தரம் காரில் சிதம்பரத்துக்குப் புறப்பட்டாள்.

“இன்னா மேடம் சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள் ஜான்சி.

“தெரியலடி. வாங்க வந்தவன் படியிறங்குற வரைக்கும் கடைசி வெலையச் சொல்லக் கூடாது. இத்தினி வருசம் அப்டித்தான் பொழைச்சேன்.”

சுரேந்தர் டிபனை முடித்துவிட்டு விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்தார். சௌந்தரம் நாற்காலியில் பாதி உட்காரும்போதே பேசிவிட்டாள்.

“சார், போட்டு முப்பத்தஞ்சு போவாது. முப்பத்திரண்டுதான். தொள்ளாயிரம் கிலோ ஜாஸ்தி. நாங்களே ஏத்திட்டோம்.”

அவர் பேனாவை மூடினார். “ட்ரயலே இன்னும் நடக்கலையேம்மா. கண்டுபிடிக்கிறது என் வேலை. நீங்க ஏன் சொல்றீங்க?”

“நீங்க கண்டுபிடிச்சா அது ஃபெயிலு. நான் சொன்னா வெறும் தாமதம். ஃபெயிலவிட தாமதம் மலிவு சார்.”

சுரேந்தர் சிரித்துவிட்டார். சிரிப்பைப் பார்த்ததும் சௌந்தரத்துக்குள் இருந்த கடைக்காரி எழுந்துகொண்டாள். “அது இல்லாம சார், எங்க போட்டு ரொம்ப வலு. பாறையில மோதினாலும் தாங்கும். அந்த வலுவுக்காக வேகத்துல ஒரு மூணு நாட் மட்டும் வுட்டுக்கொடுத்தீங்கன்னா...”

“கடத்தல்காரன் முப்பத்திமூணுல போறான்னு வைங்க. உங்க போட்டு உடையாம, நசுங்காம, ரொம்ப பத்திரமா அவன் பின்னாடியே போகும். போய்க்கிட்டே இருக்கும். எதுக்கும்மா எனக்கு அது?”

சௌந்தரம் ஜான்சியைப் பார்த்தாள். ஜான்சி தரையைப் பார்த்தாள்.

“நான் கேட்காம நீங்க கொடுத்த ஒவ்வொரு கிலோவும், நான் கேட்டதுல இருந்து எடுத்தது” என்றார் சுரேந்தர், கோபம் இல்லாமல். பிறகு ஒப்பந்தத்தின் ஷரத்து ஒன்றைச் சொன்னார். ட்ரயலுக்கு முன்பே கம்பெனி தானாகப் படகைத் திரும்பப் பெற்று வேறு படகைக் கொடுக்கலாம். ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் அபராதம் உண்டு. ஆனால் ஆர்டர் ரத்தாகாது. ஒரு படிவத்தையும் நீட்டினார். அதில் ‘பிழைக்குப் பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சௌந்தரம் அதில் தன் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “சாதாரணமா இங்க ஒரு வெல்டர் பேரோ மேஸ்திரி பேரோ இருக்கும்.”

“அவனுக்கு ஆறு வருசமா சம்பளம் கொடுத்ததே அந்த ஒரு மேட்டுக்குத்தான் சார். போஸ்டர் அடிச்சது நான். எப்ப நிறுத்தணும்னு அவனுக்குச் சொல்லாததும் நான்தான்.”

கடலூர் திரும்பியதும் தேவநாதன் குதித்தான். “உன் பேரையா எழுதிக் கொடுத்த? வீடு போச்சுன்னா உன் கையெழுத்தையா விரிச்சிப் படுக்கறது?” சௌந்தரம் கடைப் பத்திரத்தைத் தேடி எடுத்தாள். அந்த மாதமே முதுநகர் கடையை விற்று அபராதத்துக்கு எடுத்துவைத்தாள். தேவநாதன் பேரம் பேசி, கடைக்கு அவள் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை வாங்கித் தந்தான். பேச்சு மட்டும் ஒரு வாரம் இல்லை.

இரண்டு படகு உடல்களையும் அறுத்துப் போட வேண்டும் என்றபோது பட்டறையில் யாரும் அசையவில்லை. ராஜாமணி மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே வந்து அறுக்கிற மெஷினைக் கையில் எடுத்தான். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை, நாலு நாள் ஆனது. பிளேடுகள் தேய்ந்து தேய்ந்து விழுந்தன. “கட்டும்போதுகூட இவ்ளோ செலவாவல” என்று யாரோ முணுமுணுத்தார்கள். ராஜாமணி அடுத்த பிளேடை மாட்டினான்.

நாலாம் நாள் சாயங்காலம் பைபர் தூசு படிந்த முகத்தோடு சௌந்தரத்தின் அறை வாசலில் வந்து நின்றான். “வேற மேஸ்திரி பாத்துக்குங்கம்மா. கம்மியா போட எனக்குக் கை வராது.”

“கம்மி இல்ல ராஜாமணி. சரியா.”

“எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரியுது.”

“தெரியட்டும். புது அச்சு திங்கக்கெழம. ஜான்சி மேட்டை எண்ணிச் சொல்லும், நீ போடு. ஒவ்வொரு மேட்டுக்கும் ரெண்டு பேரும் கையெழுத்து.”

“என் கையெழுத்தா? சம்பளத்துக்குப் போடறதோட சரி.”

“இதுவும் சம்பளம்தான்.”

திங்கட்கிழமை ஜான்சி ரோலை எடைபோட்டு, எண்ணைச் சத்தமாகப் படித்தாள். ராஜாமணி விரித்தான், பசையை உருட்டித் தேய்த்தான், காகிதத்தில் கோணல்மாணலாகப் பெயர் எழுதினான். பதினொன்று முடிந்ததும் அவன் கை தானாக அடுத்த ரோலின் பக்கம் போனது.

“அண்ணே, பதினொன்னு ஆயிடுச்சு.”

“தெரியும்.” கையை எடுத்துக்கொண்டான். அச்சையே கொஞ்ச நேரம் பார்த்தான். “நான் வூட்டுக்குப் போறேன். இங்க நின்னா போட்டுப்புடுவேன்.”

ஜூனில் ட்ரயல் நடந்தது. சுரேந்தர் மணல் மூட்டைகளில் மூன்றை அவிழ்த்து அடிவரை கைவிட்டுப் பார்த்தார். தேவநாதன் அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதோ பறவையைக் கவனித்தான். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறிய பிறகும் ராஜாமணி கரையிலேயே நின்றான்.

“நீங்க கட்டின போட்டு, நீங்க ஏறலயா?” என்றார் சுரேந்தர்.

“ஏறுறேன் சார். எனக்கின்னா, நீந்தத் தெரியும்.”

துறைமுக முகத்துவாரத்தைத் தாண்டியதும் படகு மூக்கைத் தூக்கியது. தெற்கே போகும்போது முப்பத்தைந்து புள்ளி எட்டு. திரும்பி வடக்கே வரும்போது முப்பத்தைந்து புள்ளி ஒன்று. சுரேந்தர் இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டு, காகிதத்தைச் சௌந்தரத்திடம் கொடுத்தார்.

“இந்த அஞ்சும் உங்களதுதான். பன்னெண்டு போட்டு ஆர்டரை எதிர்பார்க்காதீங்க. தாமதக் குறிப்பு பைல்ல இருக்கும். வேற யாருக்காவது போகும்.”

“சரி சார்” என்றாள் சௌந்தரம். சொன்ன பிறகுதான் வலித்தது. பன்னிரண்டு படகு. அதை வைத்து அவள் மனசுக்குள் என்னவெல்லாமோ கட்டியிருந்தாள். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நூற்று நாற்பது பேருக்கு இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு வேலை இருக்கிறது. அதற்கு மேல் இன்று யோசிக்க வேண்டாம்.

ராஜாமணி படகின் உட்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு அலை அடிக்கும்போதும் பைபர் லேசாக அதிர்ந்து, திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாண்ணே சொல்லுது?” என்றாள் ஜான்சி.

“சும்மாரு.” பிறகு கண்ணைத் திறந்து சௌந்தரத்தைப் பார்த்தான். “அம்மா, இங்க தண்ணி கொளம் மாதிரி கெடக்குது. அதோ, முகத்துவாரத்துக்கு வடக்க அலை மடிஞ்சி வுழுது பாருங்க, அந்தாண்ட ஒருவாட்டி போலாமா?”

“ட்ரயல் முடிஞ்சுது, கையெழுத்தும் ஆச்சு” என்றார் சுரேந்தர்.

“சாருக்கு முடிஞ்சுது. எனக்கு முடியலியே.”

சௌந்தரம் ஓட்டுகிறவனின் தோளைத் தட்டி வடக்கே கையைக் காட்டினாள். படகு திரும்பியது.