கோப்பியின் மூன்றாவது குரைப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. புக்கிட் பாருவில் தங்கை வீட்டுக்குப் போனால், அவள் மகன் தொலைக்காட்சியை விட்டு அசையமாட்டான். கார்ட்டூன் நாய்கள் கூட்டமாகக் கிளம்பும், யாரையாவது காப்பாற்றும், பதினோரு நிமிடத்தில் பாட்டுப் போட்டு முடித்துவிடும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏன்டா, இதுங்கள நாய் வண்டி புடிச்சிட்டுப் போகாதா?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "போகாது பெரியம்மா. இது கார்ட்டூன்."

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "1957 ஆகஸ்டு மாதம். காஜா பேராங் தெரு தோரணங்களும் கொடிகளுமாக மகிழ்ச்சி வெள்ளத்தில்—"

(அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரை வாடை.)

இரண்டாவது: "கோப்பி சாதாரண நாய் அல்ல—"

(பொய். ரொம்பச் சாதாரண நாய்.)

சரி, பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். பால் டின் வந்த பலகைப் பெட்டி. முன்பக்கம் சதுரமாக வெட்டி, உள்ளே இரண்டு துடைப்பக் கட்டைகளை நிறுத்தி, அவற்றில் நீளக் காகிதம் சுற்றியிருக்கும். காகிதம் நெடுக நாய்ப் படங்கள். வரைந்தவன் தேவதாஸ், சினிமாக் கொட்டகைக்குப் பேனர் எழுதுகிறவன். சனிக்கிழமை மூன்று மணிக்கு, வீட்டு வாசலில் கூரை போட்ட அஞ்சடி நடையில், பெட்டியை வைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வான். தமிழில் ஒரு தடவை, வீட்டில் மலாய் பேசும் கம்போங் செட்டிப் பிள்ளைகளுக்காக மலாயில் ஒரு தடவை.

பெட்டிக்குப் பின்னால் அவன் மனைவி கமலவேணி கைப்பிடியைச் சுற்றுவாள். வெட்டி வெட்டிச் சுற்றினால் நாயின் கால்கள் ஓடும். கொஞ்சம் நாமும் நம்பவேண்டும்.

தொடரின் பெயர் 'கோப்பியும் கூட்டாளிகளும்'. கோப்பி நிஜ நாய். எதிர்வீட்டுச் சிறுமி மல்லிகாவுடையது, கோப்பி நிறம். அது இரண்டு தடவை குரைக்கும், நிறுத்தும், எதையோ மறந்துவிட்ட மாதிரி மூன்றாவதாக ஒன்று குரைக்கும். படத்திலும் அப்படியே. தேவதாஸ் "லொள், லொள்" என்று நிறுத்திக்கொள்வான். மூன்றாவது பிள்ளைகளுடையது. அந்த ஒரு 'லொள்'ளில் தெருவே அதிரும்.

3

இனிமேல்தான் சங்கடம்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, ஊரைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நாய் வண்டி சுற்ற ஆரம்பித்தது. கழுத்தில் லைசென்ஸ் வில்லை* இல்லாத நாயைத் தூக்கிவிடுவார்கள். கோப்பிக்கு வில்லை இருந்தது. புதன்கிழமை சாயங்காலம்வரை.

(* பித்தளையில் வட்டமாக, நம்பர் அடித்தது. அப்படித்தான் இருந்ததா என்று கேட்காதீர்கள். என் கதையில் அப்படித்தான்.)

"பித்தளை மினுக்கு கைக்கு வரமாட்டேங்குது. அந்த வில்லையக் கழட்டிக் குடேன், பாத்து வரையணும்" என்றான் தேவதாஸ். கமலவேணி கழற்றிக் கொடுத்தாள். கோப்பி அவளிடம் கழுத்தை நீட்டும், தினமும் பிஸ்கட் போடுகிறவள் ஆயிற்றே. அவன் வரைந்து முடித்ததும் வில்லையை அடுப்படி ஆணியில் மாட்டினாள். மறந்துபோனாள். வியாழக்கிழமை காலை வண்டி வந்தது, கோப்பியைத் தூக்கிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் ஆணியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பிடித்த நாய்களைக் கொட்டடியில் சனிக்கிழமை ஐந்து மணிவரைதான் வைத்திருப்பார்கள், அப்புறம் கொன்றுவிடுவார்கள்.

"சொல்லிடுவோங்க."

"சொன்னா அந்தப் புள்ள நம்ம மூஞ்சியில முழிக்குமா?" என்றான் தேவதாஸ். "இரு, நா படத்துல கோப்பியத் தப்பிக்க வச்சிடுறேன்."

"படத்துல தப்பிச்சா போதுமா?"

அவன் தூரிகையைக் கழுவப் போய்விட்டான். (மூன்று வரைவிலும் இந்த ஆளை நல்லவனாக்கப் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.)

'அவளே வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லியிருக்கலாமே' என்பீர்கள். எதிர்வீட்டு வாசல்வரை போனாள். மல்லிகா லொங்காங் சாக்கடையில் முழங்கால் சேறோடு நின்று வில்லையைத் தேடிக்கொண்டிருந்தது. "நாந்தான் லூசா கட்டிட்டேன் அக்கா" என்றது. கமலவேணி திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

4

சனிக்கிழமை. மல்லிகா முதல் வரிசை.

தேவதாஸ் அசத்தியிருந்தான். முதல் படத்தில் கோப்பி, கழுத்தில் வில்லை தங்கமாக மின்னியது. கமலவேணி சுற்றினாள். வண்டி வந்தது, கோப்பியைப் பிடித்தது, கதவு மூடியது. அடுத்து கூட்டாளிகளான ஒற்றைக்கண் நாயும் குட்டியும் வந்து பூட்டைக் கடிக்கவேண்டும்.

"மாமா," என்றது மல்லிகா, "அதுக்குத்தான் வில்ல இருக்கே. அப்புறம் ஏன் புடிச்சாங்க?"

தேவதாஸ் பெட்டியை எட்டிப் பார்த்தான். மினுக்கு நன்றாக வந்த சந்தோஷத்தில் எல்லாப் படத்திலும் வில்லையை வரைந்து வைத்திருந்தான்.

"அது... வண்டிக்காரன் சரியா பாக்கல..."

"பாத்திருப்பாங்க மாமா. என் கோப்பிக்கு இல்லாததாலதான் புடிச்சாங்க. நாந்தான் சரியா கட்டல."

கமலவேணியின் கை நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்தாள். வண்டிக் கதவு திறந்தது. கோப்பி வாலை முன்னால் விட்டு, பின்பக்கமாக நடந்து வெளியே வந்தது. வண்டி பின்வாங்கித் தெருவை விட்டே போனது.

"லாகி! லாகி!" என்று இன்னொரு தடவை கேட்டுக் குதித்தார்கள் செட்டிப் பிள்ளைகள். அவள் இன்னொரு தடவை செய்யவில்லை. முதல் படத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். எழுந்து உள்ளே போய், ஆணியில் இருந்ததை எடுத்து வந்தாள்.

"நீ சரியாத்தாம்மா கட்டியிருந்த. படம் வரையறதுக்குன்னு நாந்தான் கழட்டினேன். திருப்பிக் கட்ட மறந்துட்டேன். மூணு நாளா உங்கிட்ட சொல்லவும் பயந்துட்டேன்."

(இங்கே மல்லிகா ஓடிவந்து கட்டிக்கொள்வதாக எழுதியிருந்தேன். ஏழு வயசுப் பிள்ளை அவ்வளவு சுளுவாக மன்னிக்காது. எடுத்துவிட்டேன்.)

மல்லிகா வில்லையைப் பிடுங்கிக்கொண்டது. முகத்தில் அழுகையும் கோபமும். படியிறங்கி நாலடி போய், நின்று, திரும்பியது.

"நீங்களும் வாங்க. உங்களக் கண்டா அது பயப்படாது."

5

மணி நாலரை. தேவதாஸ் சைக்கிள் மிதிக்கிறான், முன் பாரில் மல்லிகா, பின்னால் கமலவேணி. மூச்சு வாங்குகிறது அவனுக்கு. "வேகமா மாமா!" என்கிறது பிள்ளை.

கொட்டடித் தகரக் கதவு சாத்தியிருந்தது. காவலாளி வில்லையின் நம்பரைப் படித்தான், உள்ளே போனான்.

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கோப்பி பாய்ந்து வந்து மூவரையும் சைக்கிளோடு சாய்க்கிறது. எழுதும்போது நானே சிரித்தேன். ஆனால் அது கார்ட்டூன் முடிவு, தங்கை மகன் ஜெயித்துவிடுவான். இன்னொன்றில் காவலாளி வெறுங்கையோடு—

(முடிக்கக் கை வரவில்லை. கமலவேணியை இவ்வளவு தூரம் கூட்டி வந்தவள் நான்தானே.)

மல்லிகா கதவு இடுக்கில் வாயை வைத்து, "கோப்பீ!" என்று கத்தியது.

உள்ளேயிருந்து ஒரு நாய் குரைத்தது. லொள், லொள்.

எந்த நாயும் இரண்டு தடவை குரைக்கும்; மூன்றாவது வந்தால்தான் கோப்பி. கமலவேணி மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கதவில் காதை வைத்தாள். தேவதாஸ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். நானும் பேனாவை மூடிவிட்டேன்.

மூன்றாவது எப்போதுமே படம் பார்க்கிறவர்களுடையது.