பாலத்திலிருந்து கேட்ட அழுகை

ஆற்றுப் பாலத்தின் வாயிலேயே எசென் காரை நிறுத்திவிட்டான். அதற்குமேல் காரில் போகக் கூடாது. அப்பனைப் பறிகொடுத்த மகன் வீட்டு வாசலில் சொகுசாகக் காரிலிருந்து இறங்கினால் ஊர் காறித் துப்பும். பாலத்திலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு ஓட வேண்டும். எவ்வளவு சத்தமாக அழுகிறானோ அவ்வளவு நல்ல மகன். எங்கள் பக்கத்தில் அதுதான் கணக்கு.

டையை உருவிப் பின்சீட்டில் எறிந்தான். நீளங்கியை மாட்டி, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டினான். பக்கத்தில் மனைவி ஜைனா கண்ணாடியைக் கூடப் பார்க்காமல் கறுப்புத் துணியைத் தலையில் கட்டி முடித்திருந்தாள்.

"எப்படி ஆரம்பிக்கணும்?" என்று கேட்டான்.

"என்னத்த?"

"அழறத."

அவள் திரும்பிப் பார்த்தாள். "முன்னூறு பேர் முன்னால மைக்கப் புடிச்சுப் பேசற மனுஷன். அப்பான்னு கத்தறதுக்கு நான் சொல்லித் தரணுமாக்கும்."

எசெனுக்கு ஐம்பத்தொரு வயது. சாலை போடும் கம்பெனிக்குத் தலைவன். நாட்டில் பாதிக் கணவாய்களில் அவன் ஊற்றிய தார்தான். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து அவன் சொந்த ஊருக்குத் திரும்பும் பதினோரு கிலோமீட்டர் மட்டும் இன்றைக்கும் கூழாங்கல்தான். அதைச் சொல்லி ஊரில் சிரிக்காதவர் இல்லை. தலைநகர் பிஷ்கெக்கில் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு எடுத்து ஒன்றரை வருஷமாக அங்கேதான் தூங்குகிறான். முதலில் வேலை முடிய நேரமாகிறது என்றுதான் எடுத்தான். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டான். இஸ்தான்புல்லில் படிக்கிற மகன் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறான்.

காலை பத்து மணிக்குத் தம்பி பக்தீபெக் போன் செய்தான். அப்பாவோடு ஊரிலேயே தங்கிவிட்டவன் அவன்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்லண்ணே. முடிஞ்சா வந்துட்டுப் போயேன்."

எங்கள் பக்கத்தில் சாவை யாரும் சாவு என்று போனில் சொல்ல மாட்டார்கள். தூரத்தில் இருப்பவன் தனியாக இடிந்துபோய் விழக் கூடாது. அதனால் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்பார்கள். அவன் வந்து சேர்ந்த பிறகு நாலு பெரியவர்கள் சுற்றி நின்று சொல்வார்கள். கேட்பவனும் 'இருக்கிறாரா, போய்விட்டாரா' என்று திருப்பிக் கேட்க மாட்டான். எசெனின் அம்மா இறந்தபோது இதே வார்த்தைகள்தான் வந்தன. தாய்மாமன் இறந்தபோதும் அப்படியே.

போனை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பா போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு அமைச்சகத்தில் கையெழுத்து. இரண்டு வருஷம் நாயாக அலைந்து பிடித்த வேலை; தெற்கே போகும் புதுச் சாலை முழுவதும் அவனுக்கு. ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஒன்று திரும்பிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அமைச்சகத்துக்குப் போனான். கையெழுத்துப் போட்டான். அதற்கப்புறம் விருந்தில் இரண்டு வாய் சாப்பிடவும் செய்தான். தம்பி நடுவில் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தான். துக்கக் கூடாரத்தை எங்கே போடுவது, சாவுச் சாப்பாட்டுக்கு எந்தக் குதிரையை அறுப்பது என்று கேட்கத்தான் இருக்கும் என்று நினைத்து, 'கிளம்பிவிட்டேன்' என்று எழுதி அனுப்பினான். அப்போது அவன் கிளம்பியிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஜைனாவின் கதவைத் தட்டினான். முகத்தைப் பார்த்ததுமே, "மாமாவா?" என்றாள். பத்து நிமிஷத்தில் உடுத்திக்கொண்டு வந்தாள். பனிக்காலம் தோறும் நகரத்தில் அவர்களோடுதான் கிழவர் தங்குவார். மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான். எசென் அப்போதெல்லாம் ஏதாவது ஒரு கணவாயில் இருப்பான்.

மலைகள் இருபக்கமும் நெருங்கி வந்த இடத்தில்தான் அவள் முதல் வார்த்தை பேசினாள்.

"போன் எப்ப வந்துச்சு?"

"பத்து மணிக்கு."

"ரெண்டு மணிக்கு என் வாசல்ல நின்னீங்க."

"கையெழுத்து இருந்துச்சு." பிறகு, "அவர் போயிட்டார் ஜைனா. நாலு மணி நேரம் முன்னால போனா என்ன, பின்னால போனா என்ன? செத்தவர் காத்திருப்பார்" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த கணவாயில் போனில் சிக்னலும் போய்விட்டது.

"நாப்பது நாள் துக்கம் உக்காருவேன். அது மாமாவுக்காக. நாப்பத்தோராம் நாள் நான் அனுப்பின விவாகரத்துக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுடுங்க. கையெழுத்துன்னாதான் உங்களுக்கு நேரம் கெடைக்குமே."

இப்போது அவன் பாலத்தின்மேல் இறங்கி நின்றான். மணி ஏழு. ஜூன் மாத வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த மூச்சில் தொண்டை திறந்துகொண்டது.

"அப்பாவே! சாஞ்சிக்க மலையா நின்னியே, என் அப்பாவே! என்னை விட்டுட்டு எங்க போனே!"

அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. குரல் ஆற்றைத் தாண்டிப் போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பியது. அழுதுகொண்டே ஓடினான். பின்னால் ஜைனாவும் மாமா மாமா என்று கதறிக்கொண்டு வந்தாள். வேலிகளுக்கு மேல் தலைகள் முளைத்தன. ஒருத்தி கையிலிருந்த பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நெட்டிலிங்க மர வரிசையைத் தாண்டி வீட்டு முற்றத்தில் நுழைந்தபோதுதான், அங்கே கூடாரம் எதுவும் இல்லை என்பதைப் பார்த்தான். துக்கத்துக்குக் கம்பூன்றி நிற்கும் ஆண்களும் இல்லை. ஒரு நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது. பக்தீபெக் ஒரு கையில் தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றான்.

"அண்ணே," என்றான், குரலே எழும்பாமல். "என்னண்ணே இது? அப்பா உள்ளதான் இருக்காரு. உசிரோட இருக்காருண்ணே."

"நீதானடா சொன்ன, ஒடம்பு சரியில்லன்னு!"

"சரியில்லதான். சரியில்லன்னுதான் சொன்னேன். கொஞ்சம்னு சொல்லச் சொன்னதே அவருதாண்ணே. இன்னிக்கு அவனுக்குப் பெரிய கையெழுத்து, பயமுறுத்தித் தொலைக்காதேன்னாரு. மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் ரெண்டு தடவ போட்டேன். நீ எடுக்கல."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எசெனுக்கு. உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. பிறகு கிழவரின் குரல், மெலிந்து, ஆனால் தெளிவாக.

"வந்துட்டானா? உள்ள வரச் சொல்லு. அழுதவன் தண்ணி குடிக்கணும்."

கிழவர் ஒமுர்பாய் சுவரோரம் மெத்தைகளை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். முகம் சுருங்கி, மூக்கு மட்டும் பெரிதாகியிருந்தது. ஜைனா அவர் காலடியில் மண்டியிட்டு, கறுப்புத் துணியைத் தலையிலிருந்து பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஒளிக்காதே மருமகளே. நாளைக்குத் தேட வேண்டியிருக்கும்." கண்ணால் மகனைத் தேடினார். "பாலத்துலேருந்தே கேட்டுச்சுடா. நல்லாத்தான் அழுதே. நான்கூட யார் வீட்டுச் சாவோன்னு பார்த்தேன்."

"அப்பா..."

"இந்த ஊர்ல எத்தன கெழவன் செத்திருக்கான். தனக்காக மவன் அழறத எவனாச்சும் காதால கேட்டிருக்கானா? எனக்குக் குடுத்து வெச்சிருக்கு."

பக்தீபெக் சிரித்தான். சிரித்ததும் அழுதுவிட்டான். கிழவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"பத்து மணிக்குப் போன் பண்ணச் சொன்னேன். இப்ப மணி என்ன?"

சுவர்க் கடிகாரம் அவருக்கு எதிரேதான் இருந்தது. பிஷ்கெக்கிலிருந்து ஐந்து மணி நேர வழி. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். எசெனுக்கு அந்த வழியைக் காட்டித் தந்ததே அவர்தான். மணியை எண்ணுவதுபோல அவர் உதடுகள் லேசாக அசைந்து நின்றன. எசென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜைனா வாயைத் திறப்பாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் கிழவரின் காலைப் போர்வைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து ஆச்சா?" என்று கேட்டார் கிழவர்.

"ஆச்சுப்பா."

"அது நல்லது." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "இன்னொரு தடவ அழேன் பார்க்கலாம். பாலத்துல அழுத மாதிரி" என்றார்.

விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று பட்டது. இல்லை என்றும் பட்டது. எசென் வாயைத் திறந்தான். ஒரு சத்தமும் வரவில்லை.

"பாத்தியா மருமகளே. தூரத்துல இருந்தாதான் வருது. கிட்ட வந்தா ஒண்ணும் வரல." கிழவர் சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் அடங்கியதும் பக்தீபெக்கிடம், "என்னை மூணு நாள் வெச்சிருந்து ஊரைக் காக்க வெக்காதீங்க. அன்னிக்கே எடுங்க. வர வேண்டியவன் வந்து அழுதுட்டான்" என்றார். அதற்கப்புறம் அவர் அதிகம் பேசவில்லை. குதிரைப்பால் இரண்டு மடக்குக் கேட்டார். ஜைனா கரண்டியால் கொடுத்தாள்.

எசென் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மெத்தையோரத்தில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதை வரிசையாக நினைத்து வைத்திருந்தான். அவர் கொஞ்சம் தூங்கி எழட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தான். அலைச்சலில் அவன்தான் தூங்கிப்போனான்.

யாரோ தோளைத் தொட்டார்கள். ஜன்னல் வெளுத்திருந்தது. ஜைனாவின் கை. ஒன்றரை வருஷத்தில் அவள் அவனைத் தொட்டது அதுதான்.

"எழுந்திருங்க," என்றாள். தலையில் கறுப்புத் துணி இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் ஊரார் முற்றத்தில் கம்பளிக் கூடாரத்தை எழுப்பிவிட்டார்கள். கிழவரைக் குளிப்பாட்டி உள்ளே வலப்பக்கம் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எசெனும் பக்தீபெக்கும் இடுப்பைக் கட்டி, கம்பூன்றி, கூடார வாசலில் நின்றார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் தூரத்திலிருந்தே அழுதுகொண்டு வருவார்கள். வாசலில் நிற்கும் மகன்கள் எதிர்க்குரல் கொடுத்து அழ வேண்டும்.

முதல் கூட்டம் அழுதுகொண்டு வந்தது. பக்தீபெக் பதிலுக்குக் கதறினான். எசெனுக்கு வாய் மட்டும்தான் திறந்தது. இரண்டாவது கூட்டத்துக்கும் அப்படியே. கம்பின்மேல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அவன்தான் நேத்தே அழுது முடிச்சிட்டானே," என்றார் பக்கத்து வீட்டு சாதிர், மெதுவாகச் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி. "பட்டணத்து ஆளு. வேலைய முன்கூட்டியே முடிச்சிடுவான்."

இரண்டொருவர் தும்முவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள். எசெனுக்குக் கோபம் வரவில்லை.

பிற்பகலில் தொழுகை முடிந்து பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை, கூடாரத்துக்குள்ளேயே இருந்தார்கள். இடுகாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டில். எசென் முன்வரிசையில் தோள் கொடுத்து நடந்தான். பாலத்துக்கு வந்ததும் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

அவனுடைய கார். நேற்று மாலை விட்ட இடத்திலேயே, பாலத்தின் வாயில், கதவு ஆவென்று திறந்தபடி நின்றது. காலையிலிருந்து ஆளும் குதிரையும் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இருபுறமும் ஆள் தாங்கிய பாடை போக வழியில்லை. அவன் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினான். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்து பாட்டரி செத்திருந்தது.

"எறக்கி வெக்காதீங்க, எறக்கி வெக்காதீங்க," என்று முல்லா பதறினார். "பாடையத் தரையில வெக்கக் கூடாது. அப்படியே நில்லுங்க."

எல்லோரும் தோளில் சுமந்தபடி நின்றார்கள். பேச்சில்லை. அந்த அமைதியில்தான் அது கேட்டது. நெட்டிலிங்க மரங்களைத் தாண்டி, கூடாரத்திலிருந்து ஜைனாவின் ஒப்பாரி.

ஒப்பாரியில் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மாமியார் கொடுமை, புருஷன் அடித்த அடி எல்லாம் ஒப்பாரியில்தான் ஊருக்குத் தெரியவரும். நடுவில் நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது. வார்த்தை வார்த்தையாகப் பாலம் வரைக்கும் கேட்டது.

"பாலத்துல கேட்ட குரல, மாமா,
பத்திரமா எடுத்துப் போங்க.
பக்கம் வந்தா ஊமையாவார், மாமா,
பாவி மகன், என்ன செய்வார்.
பத்து மணிக்குச் சேதி வந்துச்சு, மாமா..."

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். எசெனின் கை கார்க் கதவின்மேல் அப்படியே இருந்தது. சாதிர் காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார். பாடையைத் தாங்கி நின்ற இருபது பேரும் கேட்டார்கள்.

"பத்து மணிக்குச் சேதி வந்துச்சு, மாமா,
பறந்துதான் வந்தாரு.
பாழாப்போன மலவழி, மாமா,
பாதி நாளத் தின்னுடுச்சே."

சாதிர் தலையை ஆட்டினார். "மலைவழிதான். என்ன பண்றது," என்றார்.

பக்தீபெக் பாடையை இன்னொருவன் தோளுக்கு மாற்றிவிட்டு உதவிக்கு வந்தான். எசென் வேண்டாம் என்று தலையசைத்தான். கைப்பிரேக்கை விடுவித்துவிட்டுக் காரின் முன்பக்கம் போய், நீளங்கியின் கைகளை மடித்துவிட்டு, தோளைக் கொடுத்துப் பின்னோக்கித் தள்ளினான். கூழாங்கல்லில் சக்கரம் நகரவில்லை. மறுபடியும் தள்ளினான். அவன் முதுகுக்குப் பின்னால் அப்பா காத்திருந்தார்.