மத்தியானக் கை

என் அப்பா ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு எடுக்கும் அதிகாரியாக இருந்தவர். சொந்த மகளையே முதல் தடவை ஃபெயில் போட்டவர். மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது, அவ்வளவுதான். "திரும்ப வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று வீட்டில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "தட்டையான ரோட்டுல யாரு வேணா ஓட்டுவாங்க. மேட்டுல என்ன பண்றேங்கறதுதான் டெஸ்ட்" என்றார். அவர் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'திரும்பவா சார்' என்றால்தான் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் நான் செய்த கோப்பைக்குப் பாஸ் போட்டார் என்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம்தான் வந்தது.

நான் ஒரு சின்னப் பட்டறையில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கை நடுங்குகிறவர்கள், விரல் மடங்காதவர்கள், ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள், இவர்களுக்கான சாமான்கள்தான் எங்கள் தொழில். ஸ்பூன் செய்தோம், பொத்தான் மாட்டும் கொக்கி செய்தோம். ரொம்ப நாளாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது சிந்தாத கோப்பை. கோப்பைதானே என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் என் நாற்காலியில் வந்து உட்காரலாம். அடி கனமாக இருந்தால் கவிழாது, ஆனால் தூக்க முடியாது. லேசாக இருந்தால் நடுக்கத்தோடு சேர்ந்து அதுவும் ஆடும். உறிஞ்சு குழல் வைத்தால் உதட்டில் பலமில்லாதவர்கள் திண்டாடுவார்கள். அண்ணாந்து குடிக்க வைத்தால் புரையேறும், சிலருக்கு அது நெஞ்சு வரைக்கும் போய் ஆளையே படுக்க வைத்துவிடும். இத்தனையும் தாண்டி, குழந்தையின் பால்புட்டி மாதிரி தெரிந்தால் பெரியவர்கள் தொடக்கூட மாட்டார்கள்.

கடைசியில் ஒரு மாதிரிக்கு வந்து சேர்ந்தோம். அகலமான அடி. இரண்டு பக்கமும் விரல்கள் தாராளமாக நுழையும் கைப்பிடி. திருகு மூடி. மூடியில் ஒரு பக்கம் வாய் வைக்கும் இடம், நேர் எதிர்ப்பக்கம் விளிம்போரமாக ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை. அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும். அதைச் சின்னதாக வைத்ததால் ஒரு நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர்தான் வரும். கோப்பையைக் கவிழ்த்துப் போட்டாலும் சொட்டுதான் விழும். பட்டறையில் அதை மேசையிலிருந்து தள்ளித் தள்ளிவிட்டு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது அப்பாவிடம்தான். அவருக்குக் கை நடுக்கம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். நான் வேலைக்குப் போனால் பகல் முழுக்க அவர் தனியாக இருப்பார். அண்ணன் வெளியூரில் இருந்தான். போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "தண்ணிகூட எடுத்துக் குடிக்க முடியாதவரைத் தனியா விட்டுட்டுப் போற. நான் ஒரு இல்லம் பார்த்து வெச்சிருக்கேன். இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருக்காங்க."

அண்ணன் கெட்டவன் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கென்று ஒரு பதற்றம் உண்டு, அது அவனுக்கு இருந்தது. ஆனால் அப்பா அந்த இல்லத்தின் பெயரைக் கேட்டாலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். "பகல்ல அவராவே தண்ணி குடிச்சுப்பார்னா நான் வாயைத் திறக்கல" என்று அண்ணன் ஒரு நாள் சொல்லிவிட்டான். அப்பா வீட்டில் இருப்பதும் போவதும் அந்தக் கோப்பையில் வந்து நின்றது.

விடுமுறை நாள் காலைகளில் அப்பாவை வைத்துச் சோதித்தேன். நேரத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். "காலையில வெச்சுக்கலாம்மா. வெளிச்சம் நல்லா இருக்கும்." கைப்பிடிக்குள் விரல்களை நுழைப்பார், தூக்குவார், குடிப்பார், வைப்பார். நடுக்கம் இருந்தது, சிந்தவில்லை. "நல்லா இருக்கு. பாஸ்" என்பார். சிகிச்சை மையத்தில் மற்றவர்களை வைத்து நடத்திய சோதனைகளும் காலையில்தான் நடந்தன, அங்கே டாக்டர் வரும் நேரம் அதுதான். எல்லோரும் மாத்திரை போட்டுக்கொண்டு, தலை வாரி, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் பாஸ்.

தினமும் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் சொம்பிலும் வைத்துவிட்டுப் போவேன். சாயந்திரம் வந்தால் கோப்பை காலி, சொம்பும் காலி. மேசையில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அந்தக் காய்ந்த மேசையைப் பார்க்கும்போது எனக்கு மனது நிறைந்துவிடும். செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக மேசையைத்தான் பார்ப்பேன், அப்பாவை அப்புறம்தான். அண்ணனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கோப்பை வார்க்க இரும்பு அச்சு வெட்டித் தரும் அச்சுக்காரரிடம் வேலையை ஆரம்பிக்கலாம் என்று சொன்னேன். அவர் எதற்கும் ஒரு முறை கேட்டார். "இரும்புல வெட்டிட்டா அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் மாத்த முடியாது. நல்லா யோசிச்சுட்டீங்களா?" யோசித்துவிட்டேன் என்றேன்.

அந்த வாரமே ஒரு சாயந்திரம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா நாற்காலியில் சரிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. "வண்டியை ஓரமா நிறுத்து, நிறுத்து" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மேசை காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு டாக்டர் கேட்டார். "உடம்புல தண்ணியே இல்லையே. குடிக்கிறாரா, இல்லையா?"

"குடிக்கிறார் டாக்டர். நான் வெச்சுட்டுப் போறதெல்லாம் சாயந்திரம் காலியா இருக்கு" என்றேன்.

அவர் அப்பாவின் கையில் தோலைக் கிள்ளிக் காட்டினார். கிள்ளிய இடம் அப்படியே மடிந்து நின்றது.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் சமையலறைக்குள் போனேன். சிங்க் பக்கத்தில் கைத்துணி சொட்டச் சொட்ட ஈரமாகத் தொங்கியது. தினமும் அது ஈரமாகத்தான் இருந்தது. பாவம், கோப்பையைக் கழுவி வைக்கிறார் என்று நினைத்து நான் பிழிந்து காயப்போட்டிருக்கிறேன். அன்றுதான் எனக்கு உறைத்தது. சிந்தாத கோப்பையை அவர் சிந்தாமல் சிங்க் வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். சொம்பையும் அங்கேயே கவிழ்த்துவிட்டு, வழியில் சிந்தியதை அந்தத் துணியால் துடைத்திருக்கிறார்.

அண்ணன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று, "இல்லத்துல பேசிட்டேன். வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துட்டு நேரா கிளம்பலாம்" என்றான். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவரைச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்காரவைத்துவிட்டு, அண்ணன் உள்ளே போய்ப் பையில் துணி அடுக்க ஆரம்பித்தான். மத்தியான வெயில் மேசையில் விழுந்திருந்தது. காலை மாத்திரையின் வேகம் இறங்கும் நேரம். அப்பா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில், தொடைகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

"ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லணும்? கப் சிந்தலையேம்மா. சிங்க் வரைக்கும் ஒரு சொட்டு கீழ விழல. அது வரைக்கும் பாஸ்தான்."

"வெளையாடாதீங்க."

அவர் கைகளை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சொன்னா நீ கப் வேலையை நிறுத்துவே. நிறுத்தினா அவன் என்னைக் கூட்டிட்டுப் போவான். அது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"காலையில என் கையைப் பார்த்துட்டுத்தானே வேலைக்குப் போறே. அந்தக் கையே உன் கண்ணுல இருக்கட்டும்னு நெனச்சேன். மத்தியானம் இருக்கற கையை யாரும் பார்க்க வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். வாழ்நாள் முழுக்க ஊரையே மேட்டில் ஏற்றிப் பார்த்தவர், என்னை மட்டும் தட்டையான ரோட்டில் ஓட்டவிட்டுப் பாஸ் போட்டிருக்கிறார். நானும் ஒரு நாள்கூட மத்தியானத்தில் அவர் எதிரில் வந்து உட்காரவில்லை. எழுந்து போய்க் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, அவர் முன்னால் வைத்தேன்.

"குடிங்க."

"நீ உள்ள போ."

"மாட்டேன். என்னை மேட்டுல ஏத்தினப்ப நீங்க இறங்கியா போய்ட்டீங்க? பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டுத்தானே ஃபெயில் போட்டீங்க. நானும் உட்கார்ந்து பார்க்கறேன்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு கைகளை மேசைக்கு மேலே எடுத்து வைத்தார்.

அது எனக்குத் தெரிந்த கை இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்திருந்தன. கைப்பிடிக்குள் நுழைக்கப் பார்த்தார், விரல்கள் வளைந்து கொடுக்கவில்லை. மறுபடி பார்த்தார். அப்புறம் கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கோப்பையை மூடியோடு சேர்த்து அப்படியே அணைத்துத் தூக்கினார். தூக்க முடிந்தது. வாயில் வைத்தார். தொண்டை ஏறி இறங்கியது. ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். கன்னம் குழிய உறிஞ்சினார். கண்ணோரம் தண்ணீர் வந்ததே தவிர, கோப்பையிலிருந்து வரவில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளங்கைகளால் அணைத்துப் பிடித்தபோது அவருடைய விரல் நுனிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் போய் மூடியின் எதிர் விளிம்பில் கூடியிருந்தன. நான் துளை வைத்த இடம் அதுதான். காற்றுக்கு வழியில்லை. கோப்பை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இப்படித்தான் தினமும் உறிஞ்சிப் பார்த்திருக்கிறார்.

அவர் கோப்பையைக் கீழே வைத்து, முழங்கையால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியைத் திருக ஆரம்பித்தார். "சிங்க்ல வெச்சு ஒவ்வொரு நாளும் இதையும் பார்ப்பேன்" என்றார். மூடி சட்டென்று கழன்றது. தண்ணீர் அவர் சட்டையிலும் மடியிலும் கொட்டியது, மேசையில் ஓடித் தரையில் வழிந்தது.

பையோடு வெளியே வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். பையைப் போட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"இரு" என்றார் அப்பா. "துடைக்காதே. அவ முழுசா பார்க்கட்டும்."

அண்ணன் துண்டோடு அப்படியே நின்றான். நாங்கள் மூன்று பேரும் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா வெட்கப்பட்டார். காது நுனி சிவந்துவிட்டது. ஆனால் கையை மறைக்கவில்லை. அவரை நான் அன்றைக்கு நேசித்த அளவு வேறெந்த நாளும் நேசித்ததில்லை.

என் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தேன். மூடியைத் திரும்ப மாட்டி, கோப்பையைத் துடைத்து, "மறுபடி அதே மாதிரி பிடிங்கப்பா" என்றேன். பிடித்தார். நடுங்குகிற விரல்களைச் சுற்றிக் கோடு போடுவது லேசில்லை. கையை எடுத்த பிறகு பார்த்தால், இரண்டு பக்கக் கோடுகளும் சரியாகத் துளைக்கு மேல் வந்து முட்டியிருந்தன. வாய் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் எந்த விரலும் வரவில்லை.

அச்சுக்காரருக்குப் போன் போட்டேன். "வெட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இரும்பு வந்து எறங்கியிருக்கு. நாளைக்குக் கை வைக்கறோம்."

"வைக்காதீங்க. கப் ஃபெயில்."

"என்னங்க, எல்லாரும் பாஸ்னு சொன்னீங்களே?"

"எல்லாரும் காலையில பாஸ்" என்றேன்.

அப்பாவுக்குத் தாகம். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நானே அவர் உதட்டில் பிடித்தேன். இதுவரை அதற்கு ஒரு நாளும் அவர் சம்மதித்ததில்லை. அன்று மோவாயைத் தாழ்த்தி, ஒவ்வொரு வாயாக, டம்ளர் முழுவதையும் குடித்தார்.

அண்ணன் தரையைத் துடைத்து முடித்தான். பிறகு குனிந்து, இல்லத்துக்கென்று கட்டி வைத்திருந்த பையின் ஜிப்பைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்தான். அப்பாவின் ஈரச் சட்டையைக் கழற்றி அதை மாட்டிவிட்டான். பொத்தான் போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டான். "அடுத்த கப் வர எவ்வளவு நாளாகும்?"

"தெரியல. கொஞ்ச நாள் ஆகும்."

"அது வரைக்கும் மத்தியானத்துல நான் இருக்கேன். ஆபீஸ்ல லீவு சொல்லிக்கறேன்." பையை அவன் மறுபடி மூடவில்லை.

அப்பா கோப்பையைத் தன் பக்கம் நகர்த்தி, அதில் நான் போட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, டெஸ்ட் எடுக்கும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தபோது வரும் அதே குரலில், என்னிடம் சொன்னார்.

"ஃபெயில். திரும்ப வா."

"எப்ப சார்?" என்று கேட்டேன்.

"மத்தியானமா வா" என்றார்.