வீரம்மாவின் அரைப்பேர்

அன்று வீரம்மா எடுத்த கொழுந்து குறைந்துவிட்டது. குறைந்தால் பாதி நாள் வேலைதான் பதிவாகும். தோட்டத்தில் அதை அரைப்பேர் என்பார்கள். மழையில் ஊறிய கூடையோடு அழாத குறையாக மலையிறங்கினாள். பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"அரைப்பேர்னா எந்தப் பாதிடி போச்சு?" என்றவள், நடந்துகொண்டே கவி கட்டினாள்:

"வீரம்மாவுக்கு அரைப்பேராம்,
பாதிப் பேரை யாரெடுத்தா?
வீரத்தை ஐயா எடுத்துக்கிட்டார்,
மாவை மட்டும் விட்டு வச்சார்.
மா இருக்கு, ரொட்டி சுடு;
வீரம் கேட்டா வாயை மூடு!"

வீரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி! என் பேருக்குள்ள மா இருக்கறது இத்தனை வருசமா எனக்கே தெரியலையேடி!"

புருஷன் செத்த பிறகு அவளைச் சிரிக்க வைத்தது இந்தக் கோணங்கிக் கவிகள்தான். தனக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் காட்டினாள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பின்னால் நின்றது தெரியவில்லை. அவரும் சிரித்தார்.

"பலே! யாரு கட்டுனது?"

ரசிக்கத் தெரிந்த மனுஷன் என்று நினைத்துவிட்டாள். "நம்ம நாகலெட்சுமிதாங்க," என்றாள் பெருமையாக.

அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் எல்லார் பேரும் கூப்பிட்டார்கள். நாகலெட்சுமியின் பேர் வரவில்லை.

"என் பேரு விட்டுப்போச்சுங்களே?"

"விடல, வெட்டியாச்சு. பேரை வச்சுத்தானே வெளாடுற? இனி முழுப்பேரையும் நீயே வச்சுக்க. காம்பராவக் காலி பண்ணிடு," என்றார் கண்டாக்கையா.

'நான்தாங்க கட்டுனேன்.' அந்தப் பொய் வீரம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவளுக்கும் இருப்பது தோட்டம் கொடுத்த லயத்து வரிசையில் அந்த ஒற்றை அறைக் காம்பராதான், மூன்று பிள்ளைகள். மழைக்குப் போட்டிருந்த சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மண்ணைப் பார்த்தாள்.

சாயங்காலம் நாகலெட்சுமி தகரப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். தலவாக்கலையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். வீரம்மா அடுப்படியில் ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மா இருக்காடி?"

"இருக்கு."

"அப்ப ரொட்டி சுடு."

திட்டவாவது செய்வாள் என்று வீரம்மா காத்திருந்தாள். நாகலெட்சுமி பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். நாலு எட்டு வைப்பதற்குள் மூடுபனி அவளை மறைத்துவிட்டது.

கவியின் அடுத்த அடி வீரம்மாவுக்கு மனப்பாடம். அவள் வாயைத் திறக்கவில்லை.