ஜன்னலுக்குக் கீழே ஒரு துண்டு

"தாளைச் சுவரோட சேத்துப் புடி ஸம்றா."

ஸம்றா பிடித்தாள். வெள்ளைத் தாளின் ஓரம் மெல்லப் பச்சையானது. உம்மா தூரிகையை டின்னுக்குள் விட்டபடி சிரித்தாள்.

"கண்டியா? சுவர்ட நிறம் தாள்ல விழுகுது. இதுக்குள்ள இருந்து புள்ளையள் எப்பிடி ஒரு முகத்துக்கு நிறம் குழைக்கிற?"

"சித்திரத்துக்கெண்டு ஒரு அறை கிடைச்சதே பெரிசு உம்மா. இதுல சுவர்ட நிறமும் பாக்கணுமா?"

"வேற என்னத்தகா பாக்கிற?"

கடற்கரைப் பாடசாலையின் பழைய களஞ்சிய அறை அது. ஊருக்கு ஹுஸ்னியா டீச்சரான உம்மா அங்கே சித்திரம் படிப்பித்தாள். உடைந்த கதிரைகளை விறாந்தைக்கு இழுத்துப் போட்டு, ஆணி அடித்துக் கிடந்த வடக்கு ஜன்னலைத் திறக்கப் பண்ணி, தூரிகை கழுவக் குழாய் போடுவித்திருந்தாள். பிழையாக வந்த படங்களையும் தொங்கவிட வேண்டும் என்று நீளமாகக் கயிறு கட்டியிருந்தாள். லீவு முடிவதற்குள் அறை சரிவராவிட்டால் கதிரைகள் திரும்ப உள்ளே வரும் என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார். ஆள் தேடினால் நாள் போகும் என்று வெள்ளை எனாமல் பெயின்ட்டைத் தானே அடித்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு துண்டுதான் பழைய பச்சையாக மிச்சம்.

வெளியே கச்சான் காற்று அனலாக வீசியது. படமில்லாத கயிறு தனியே ஆடியது. உம்மா இடது தோளைப் பிசைந்தாள்.

"என்ன உம்மா?"

"ஒண்டுமில்ல. பிரஷ் புடிச்ச கை."

தூரிகை வலது கையில் இருந்தது.

"மிச்சத்த நாளைக்கு அடிப்பம்," என்று அறையைப் பூட்டி, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டவள், அது ஆறுவதற்குள் கதிரையில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடலாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

காலையில் குளிப்பாட்டும்போது ஜெனூபா மாமி கையை நிறுத்தினாள். ஊரில் பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

"நகத்துல தண்ணி ஏறல்ல. என்ன புள்ள இது, பெயின்டா?"

"ஓம் மாமி."

"தண்ணி படாம ஒரு இடமும் விடக் கூடா மகள்."

ஒருத்தி பிளேட் எடுத்து வந்தாள்.

"அத அங்கால வை! மையித்துக்கு நோகும். உசிரோட இரிக்கக்குள்ள சுரண்டுவியாகா?"

உம்மாவின் பைக்குள் பெயின்ட் கரைக்கும் தின்னர் போத்தல் இருந்தது. ஜெனூபா சாம்பிராணிச் சட்டியைத் தூரத்தில் வைக்கச் சொன்னாள். ஸம்றா பஞ்சை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். வெள்ளை கரைந்தது. கீழே நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அந்த நிறத்தை எதையெதைக் குழைத்து எடுப்பது என்று உம்மாவிடம் கேட்க அவளுக்கு வாய் வந்தது. போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சுண்டுவிரலையும் துடைத்தாள்.

வாசல் படலையடியில் அதிபர் நின்றார்.

"சேர், மிச்சத் துண்ட நான் அடிச்சித் தாறன்."

"இப்ப அதக் கதைக்கிற நேரமா மகள்? பாப்பம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அறைச் சாவி எங்க இரிக்கி?"

"என்னட்டத்தான்," என்றாள். கொடுக்கவில்லை.

ஜனாஸா போன பிறகு வீட்டுக்குள் பெண்கள் யாசீன் ஓதத் தொடங்கினார்கள். ஸம்றா உம்மாவின் பையை எடுத்து, முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தாள். "எங்ககா போறா இந்தப் புள்ள?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

விறாந்தையில் உடைந்த கதிரைகள் கிடந்தன. நேற்றையைவிட அறை வாசலுக்குக் கிட்ட வந்திருந்தன. இழுத்த கோடுகள் புழுதியில் தெரிந்தன.

அறையைத் திறந்து டின்னின் மூடியைக் கழற்றினாள். பெயின்ட் இருந்தது. நேற்று யாரும் கழுவாத தூரிகை கல்லாக இறுகியிருந்தது. பைக்குள் கை விட்டாள். தின்னர் போத்தலில் ஒரு சொட்டும் இல்லை.

மேசையில் நேற்றைய தாள் கிடந்தது. அதை எடுத்து ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

ஓரம் மெல்லப் பச்சையானது.