கிராஸ் கேட்சருக்கு மூன்று கொட்டேஷன்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. ஓர் ஒப்பீட்டுப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பிறந்தது. கட்டத்தின் தலைப்பு 'காரணம்'. அகலம் ஒன்றரை அங்குலம். அதில் எழுத வேண்டியது அதில் அடங்காததால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வினோலியா. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கத்தோலிக்கக் கல்லூரி அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதை எழுதுவேன். இந்த இரண்டு வேலையும் இதுவரை ஒன்றையொன்று கண்டுகொண்டதில்லை.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "விடியற்காலைப் பனியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மைதானம்—"

வேண்டாம். எங்கள் மைதானத்தில் பாதி செம்மண். மீதியில் அருகம்புல்லும் கோரையும்.

இரண்டாம் முயற்சி: "ஐம்பத்தாறு வயது வரை நல்லுசாமிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கவில்லை."

இது நிற்கும். எரியோடு ஊர்க்காரர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருபது வருடம் காய்கறி மூட்டை தூக்கினார். பிறகு எங்களிடம் தோட்ட வேலை, தினக்கூலி. இரண்டு வருடத்துக்கு முன் பழைய மாணவர் ஒருவர், உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நல்லுசாமி டிரைவர். சீட்டில் துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். விசேஷ வீடுகளில் "காலேஜ்ல டிரைவரா இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொள்கிறாராம். அவர் மனைவி மூக்காயி அக்கா சொன்னார். என்ன வண்டி என்று இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

அந்த வண்டி வெட்டுகிற புல்லைப் பக்கவாட்டில் துப்பிவிட்டுப் போகும். போன வருட விளையாட்டு விழாவில் அந்த ஈரப்புல்லை மிதித்து ரிலே ஓடிய மூன்று பெண்கள் வரிசையாக வழுக்கி விழுந்தார்கள். ஆகவே புல்லைப் பிடிக்கிற பை, அதாவது கிராஸ் கேட்சர், வாங்குவது என்று தீர்மானம். தீர்மானம் என்றால் மூன்று கடைகளிடமிருந்து விலை கேட்டு மூன்று கொட்டேஷன்.

3.

ஒன்று: வண்டிக்குப் பின்னால் தொங்கும் இரட்டைப் பை. நிரம்பியதும் இறங்கி, கழற்றி, தூக்கிப்போய் வேலியோரம் கொட்ட வேண்டும். விலை குறைவு. இரண்டு: மூன்று பை. அதே வேலை, கூட ஒரு நடை. மூன்று: பெரிய தொட்டி. சீட்டில் இருந்தபடியே லீவரை இழுத்தால் தானாகக் கவிழ்ந்து கொட்டிவிடும். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

[வெட்டும் தட்டின் அகலம், குழாயின் வாய், பையின் வலைத்துணி பற்றி ஒரு பக்கம் எழுதி நீக்கிவிட்டேன். இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: புல் காய்ந்த பிறகு வெட்டினால் பை இலேசு. பனியோடு வெட்டினால் சிமெண்ட் மூட்டை மாதிரி கனக்கும். ஏழு மணிக்குப் பயிற்சி தொடங்குவதால் எங்களுக்குப் பனியோடுதான் வெட்டியாக வேண்டும்.]

குறைந்த விலையை எடுக்காவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. எனக்கு மூன்றாவதுதான் வேண்டும். காரணம் எனக்குத் தெரியும். எழுத முடியாது.

4.

தைப்பூசத்துக்கு நல்லுசாமி மாலை போட்டார். பழனிக்குப் பாதயாத்திரை என்று பத்து நாள் லீவு வாங்கினார். போனது பெரியாஸ்பத்திரிக்கு. குடலிறக்க ஆபரேஷன். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழிக்க வேண்டிய இடத்தை ஆஸ்பத்திரியில் மழித்தார்கள். தலையை இவர் தன் செலவில் மழித்துக்கொண்டார்.

மொட்டைத் தலையோடு மெல்ல நடந்து வந்தவரைப் பார்த்து ஸ்டாஃப் ரூமே உருகியது. பிரின்சிபால் ஃபாதர், "கால் வலி தேவலையா?" என்று விசாரித்தார். பிரசாதம் கேட்டவர்களுக்குப் பஞ்சாமிர்தமும் கிடைத்தது. அதைப் பழனிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தவர், என்னைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் பிராங்கிளின் சார்.*

* இவரை நீக்கிவிடச் சொன்னாள், வரைவைப் படித்த என் தோழி ஐரின். "மாதா கோயில்ல பூசைக்கு வாசகம் வாசிக்கிற மனுசன், பஞ்சாமிர்தம் வாங்கப் பழனிக்குப் போவாராடி? நம்புற மாதிரி இல்ல." எனக்கும் சந்தேகம் வந்து அவரிடமே கேட்டேன். "ரெண்டு மணி நேரம் க்யூல நின்னேன். நின்னதுதான் நின்னோம்னு வீட்டுக்கும் ஒரு டப்பா வாங்கிட்டேன்" என்றார். நீக்கவில்லை.

எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வாட்ச்மேன் ஈஸ்வரனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபோது கல்லூரி மிகுந்த அன்போடு நடந்துகொண்டது. சால்வை போர்த்தி, ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னது. தினக்கூலிக்காரரின் ஓய்வுக்குச் சம்பளம் கிடையாது. அந்தச் சால்வையைக் கடைக்குப் போய் வாங்கி வந்தது நான்.

5.

காரணம், முதல் வரைவு: "நேரம் மிச்சமாகும்." ஃபாதர் பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினார்: மிச்சமாகும் நேரத்தில் நல்லுசாமி என்ன செய்வார்?

இரண்டாம் வரைவு: "நீண்ட நாள் உழைக்கும்." பென்சில்: மூன்றுக்கும் ஒரே வாரண்டி.

மூன்றாம் வரைவு: "டிரைவரின் உடல்நிலையைக் கருத்தில்—" இதை அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் பிரிண்ட் எடுத்தேன்.

முப்பது கதை எழுதியிருக்கிறேன். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பொய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் ஃபாதரே ஒரு வழி சொன்னார். "குறைஞ்ச விலைக்காரர அந்த இரட்டைப் பையக் கொண்டுவந்து மாட்டச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில நல்லுசாமி ஓட்டி, தூக்கிக் காட்டட்டும். கஷ்டம்னா பார்ப்போம்."

6.

முடிவு அ: தூக்குகிறார். ஒன்றும் ஆகவில்லை. சுலபமாக எழுதலாம், தையல் என் வயிற்றில் இல்லை.

முடிவு ஆ: பிராங்கிளின் சார் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஃபாதர் நல்ல மனிதர், கண் கலங்குகிறார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு சால்வை—

முடிவு இ: மழை பெய்து எல்லாம் தள்ளிப்போகிறது. பிப்ரவரியில், திண்டுக்கல்லில். நம்புவதற்கு இதைவிடப் பஞ்சாமிர்தம் வாங்கிய பிராங்கிளின் சாரே தேவலை.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். நல்லுசாமி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களை வச்சு ஒரு கதை எழுதுறேன். நாளைக்குக் காலையோட முடியுது. எப்படி முடிக்கட்டும்?"

"பேரு போடுவீகளா?"

"வேண்டாம்னா போடல."

"போடுங்கம்மா. தூக்குனேன்னே எழுதுங்க. ஒத்தக் கையில தூக்குனேன்னு எழுதுங்க."

"நெசத்துல தூக்கிராதீங்க. நான் ஃபாதர்ட்ட பேசுறேன்."

"பேசி? எறங்கிக்கிரச் சொல்லுவாக. இதுலருந்து எறங்குனா நான் எங்கிட்டும்மா போயி உக்காருவேன்?"

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

7.

ஒத்தக் கையில் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலையை இவ்வளவு தூரம் எழுதியிருக்கிறேன்:

மணி ஆறரை. நல்லுசாமி மூன்று சுற்று ஓட்டிவிட்டார். பின்பாரம் ஏறி, வண்டியின் முன்சக்கரங்கள் தரையில் சரியாகப் பதியவில்லை. இறங்கி, ஒரு பையைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டார். அடியில் தண்ணீர் சொட்டுகிறது. இழுத்துப்போனால் பை கிழியும் என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிராங்கிளின் சார் மைதானத்தின் மறுகோடியில் மாணவிகளோடு இருக்கிறார். ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்கு ஓர் அடி பின்னால் படிவத்தோடு நான். எனக்கும் இந்த வேலை வேண்டும். பயமாக இருக்கிறது.

நல்லுசாமி குனிகிறார்.

பையின் இரண்டு பக்கமும் பிடி உண்டு. ஒன்றில் அவர் கையை வைத்துவிட்டார். மற்றது சும்மா இருக்கிறது. அதற்கு மிக அருகில் நிற்பது நான்தான். எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் என் கால் அந்த வாக்கியத்தில் நகர மாட்டேன் என்கிறது. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். நீங்கள் போய்ப் பிடிப்பீர்களா, இல்லை, என் பக்கத்தில் நின்று பார்ப்பீர்களா? அவர் இன்னும் குனிந்தபடிதான் இருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.