குமரகுரு என்று யாருமில்லை

வெண்ணந்தூர்க் கல்யாண மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பேனரில், வெள்ளியங்கிரி போர் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும்தான் அவருடையது. கீழே ‘எதிரிகளை வீழ்த்திய வீர விமானி’ என்று போட்டிருந்தது.

“குணா, நான் விமானம் ஓட்டலியேப்பா” என்றார் மகனிடம்.

குணசீலன் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருக்கிறவன். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் யோசனையில் கட்சிக்காரர்களைக் கூட்டி அப்பாவுக்கு நடத்துகிற பாராட்டு விழா இது. “இருக்கட்டுங்க. ஏரோப்பிளேன்ல போனீங்கல்ல? சனங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்க தெரியுது? சால்வை போட்டா ஒரு கும்புடு போட்டுட்டு உக்காருங்க, போதும்.”

எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் சண்டையில் வெள்ளியங்கிரி நின்றது சரக்கு விமானத்தின் பின்பகுதியில். சாமான் ஏற்றுகிற விமானத்தில் குண்டுகளை அடுக்கிக்கொண்டு போய், பின்கதவைத் திறந்து உருட்டித் தள்ளுகிற வேலை. கூட நின்றவர் தம்மம்பட்டி குமரகுரு. கீழேயிருந்து சுட்டது விமானத்தின் அடிவயிற்றைத் துளைத்து அவர் தொடையைக் கிழித்தது. இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே மிச்சக் குண்டுகளையும் தள்ளிவிட்டுத்தான் அவர் சாய்ந்தார். தரையிறங்கியபோது உயிர் இல்லை. ஓட்டியவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். குமரகுருவின் பேரை யாரும் எங்கும் சொல்லவில்லை. புதுப்பெண்ணாக இருந்த அவர் மனைவி அங்கம்மாள் அதற்குப் பிறகு தனியாகவே கிழவியானார்.

அந்த அங்கம்மாளை வெள்ளியங்கிரி போனில் கூப்பிட்டிருந்தார். “மேடையில அவம்பேரச் சொல்லப்போறனுங்க அம்மிணி. நீங்க வந்து கேக்கோணும்.”

அங்கம்மாள் பஸ் மாறி வந்து சேர்ந்து, சோபாக்கள் எல்லாம் கட்சிக்காரர்களுக்கு என்றதால் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சால்வை போட்டதும் வெள்ளியங்கிரி மைக்கைக் கேட்டு வாங்கினார். “நான் விமானி இல்லீங்க. பின்னால நின்னு குண்டு தள்ளுனவன். எங்கூட குமரகுருன்னு ஒருத்தன் இருந்தான். இந்த மரியாதையெல்லாம் அவனுக்குச் சேர வேண்டியதுங்க...” என்று நடந்ததைச் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையில் ஒருவர் மேடைக்குப் பின்னாலும் கட்டியிருந்த அதே பேனரைக் காட்டிச் சிரித்தார்.

குணசீலன் மைக்கைப் பிடுங்கினான். “அப்பாவுக்கு வயசாயிருச்சுங்க. கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுது. தான் செஞ்சதையே வேற ஆரோ செஞ்சாப்ல பேசறாருங்க. குமரகுருன்னு ஆருமே கெடையாதுங்க. அந்த வீரரே இவருதானுங்க!”

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். வெள்ளியங்கிரி எழப் பார்த்தார். இரண்டு பேர் அன்பாகத் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். கடைசி வரிசையில் எழுந்து நின்ற அங்கம்மாளிடம் ஒருவன் வந்து, “பாட்டி, சாப்பாடு அந்தப் பக்கம்” என்று கை காட்டினான். வெள்ளியங்கிரி இறங்கி வருவதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற, குணசீலன் அப்பாவைச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரைகள் வந்தன. அவர் பாதி நேரம் தூங்கினார். மீதி நேரம் அவர் பேசினால், வந்தவர்களிடம் மருமகள் மைதிலி, “அவரு சொல்றத எடுத்துக்காதீங்க” என்றாள்.

ஒருநாள் காலை, மாத்திரையை வாயில் அடக்கி வைத்திருந்து துப்பிவிட்டு, வெள்ளியங்கிரி தம்மம்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

அங்கம்மாள் அவரை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று பேசினார். “இத்தன வருசமா அவரப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. அது பழகிப்போச்சு. நீங்க என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, அப்படி ஒரு ஆளே இல்லன்னு கேக்க வச்சிட்டீங்களே அண்ணா.”

“நான் சொல்லலீங்களே அம்மிணி.”

“கை தட்டினாங்களே. அப்ப மேடையில உக்காந்திருந்தது யாரு?”

தெருவில் குணசீலனின் கார் வந்து நின்றது. பஸ்ஸில் பார்த்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவன் இறங்கி, கூடிவிட்ட அக்கம்பக்கத்தாரைக் கும்பிட்டான். “மன்னிச்சுக்கோங்க. எங்கப்பாவுக்குப் புத்தி நெலையில்லீங்க. அப்பப்ப ஊட்ட உட்டுக் கெளம்பிடறாரு.”

வெள்ளியங்கிரி அங்கம்மாளைப் பார்த்தார். தனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்பது அந்தத் தெருவில் அங்கம்மாள் ஒருவருக்குத்தான் தெரியும்.

“இவரு உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?” என்று குணசீலன் கேட்டான்.

“இல்லப்பா” என்றார் அங்கம்மாள். “யாரோ என்னவோ. கூட்டிட்டுப் போ.”